தேவசகாயம் வீடுதானே?

ஏப்ரல் 12, சனி

வெயிலில் மாவு ஒரே இரவில் பொங்கி வழிந்துவிட்டது. வீணாக்க மனமில்லாமல் பணியாரம் ஊற்றி எட்டு தின்றேன். சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொண்டேன், சரிக்குச் சரி.

தின்றுகொண்டே ஒரு முடிவுக்கு வந்தேன். மே ஒன்பதாம் தேதியிலிருந்து நாலு நாளைக்குக் கோத்தகிரியில் ஒரு வீடு வாடகைக்கு எடுக்கப்போகிறேன். ஓட்டல் வேண்டாம். ஓட்டலில் ஆளுக்கொரு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். வீடு என்றால் ஒரே அடுப்பு, ஒரே கூடம். உப்பு டப்பா எங்கே என்றாவது ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டே ஆகவேண்டும்.

பெரியவள் கோகிலவாணி கோயம்புத்தூரில் இருக்கிறாள். சின்னவள் ரேணுகா பெங்களூரில். அவர்கள் அப்பா போய் ஒன்றரை வருடமாகிறது. அக்காளும் தங்கையும் பேசியும் ஒன்றரை வருடமாகிறது. அவரை எடுத்த அன்று இதே கூடத்தில், எங்கள் ஊர் கோபியில் இருக்கிற சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னால், "மூணு நாளா வரமுடியாதவ இப்ப எதுக்குடி வந்தே, வீட்டைப் பிரிச்சு வாங்கவா?" என்று கோகிலா கேட்டாள். "எனக்கு யாருமே சொல்லல" என்றாள் ரேணு. "பொய் சொல்லாத" என்றாள் கோகிலா. அதோடு சரி. ஒருத்தி என்னைப் பார்க்க வருகிற மாதம் மற்றவள் வரமாட்டாள். ரேணுவின் பையன் அகரனுக்குப் போன செவ்வாய்க்கிழமை ஒரு வயது முடிந்தது. பெரியம்மா இன்னும் அவனைக் கண்ணால் பார்க்கவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

இருவருக்கும் போன் செய்தேன். கோகிலாவிடம், "ரேணு உன்னையப் பாக்கோணும்னு சொல்றா கண்ணு" என்றேன். ரேணுவிடம், "அக்கா உம்பட பையனப் பாக்கோணும்னு ஏங்கிப் போய்க் கெடக்கிறா" என்றேன். இரண்டையும் பொய் என்று சொல்லமுடியாது. கொஞ்சம் முன்கூட்டிச் சொன்ன உண்மை, அவ்வளவுதான்.

"அவளா சொன்னா?" என்று கோகிலா இரண்டு தடவை கேட்டாள். சாயங்காலத்துக்குள் இருவரும் சரி என்றுவிட்டார்கள். சந்தோஷத்தில் டீத்தூளைக் கொட்டிவிட்டேன்.

ஆனால் கோகிலா ஒரு வார்த்தை சொன்னாள். "வீட்டை நல்லா விசாரிச்சு எடும்மா. எங்க பார்த்தாலும் ஏமாத்துறாங்க. அவ முன்னாடி என்னை ரோட்டுல நிக்க வெச்சேன்னா நான் அப்படியே வண்டியத் திருப்பிருவேன். அப்புறம் கூப்பிடாத." அவள் சொன்னால் சொன்னதுதான். இந்த ஒரு தடவைதான் எனக்கு வாய்ப்பு.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப்பிறப்பு. சாமி கும்பிட்டு, மாம்பழம் ஒன்று அறுத்து, பத்து மணிக்குப் போனை எடுத்து உட்கார்ந்தவள் மூன்று மணிக்குத்தான் எழுந்தேன். மலையில் வீடு வாடகைக்கு விடுகிறவர்களுக்கென்று முகநூலில் ஒரு குழு இருக்கிறது. என்ன ஒரு வேடிக்கை! கோத்தகிரி வீடு என்று போட்டிருக்கிறான், ஜன்னலுக்கு வெளியே தென்னைமரம் நிற்கிறது. இன்னொருவன் ஊட்டியில் ஒன்று, குன்னூரில் ஒன்று என்று இரண்டு வீடு போட்டிருக்கிறான். இரண்டு கூடத்திலும் ஒரே சோபா, அதே இடத்தில் அதே கிழிசல்.

என்னை ஏமாற்ற முடியுமா? முப்பத்தொரு வருடம் மின்வாரியத்தில் கணக்கீட்டாளர். வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து, ஓடிய யூனிட்டை அட்டையில் எழுதிக் கொடுத்த கை இது. வீட்டுக்காரர் சொல்லாததை மீட்டர் சொல்லும். புதிதாக ஃப்ரிட்ஜ் வாங்கியது, மகன் வெளியூர் போனது, மருமகள் கோபித்துக்கொண்டு பிறந்தவீடு போய்விட்டது எல்லாம் எனக்கு யூனிட்டிலேயே தெரியும்.

கடைசியில் ஒரு வீடு மனதுக்குப் பிடித்தது. கோத்தகிரிக்கு மேலே நெடுசோலையில். நாலு அறை, நீலக் கேட், சுற்றிலும் தேயிலை. ‘சீசன் முழுவதும் புக்கிங், சீக்கிரம் அழையுங்கள்’ என்று எழுதியிருந்தது. கொல்லைப்புறப் படம் ஒன்றில் சுவரில் மீட்டர் பெட்டி தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டிக்குக் கீழே கறுப்புப் பெயிண்டில் சர்வீஸ் நம்பர்! பட்டணத்து ஆள் யாராவது இதைக் கவனிப்பார்களா?

வாரியத்தின் இணையதளத்தில் பணம் கட்டுகிற பக்கத்தில் அந்த நம்பரைப் போட்டேன். எஸ். தேவசகாயம் என்று பெயர் வந்தது. ஊர் சரி. போன பில் தொகையே பூஜ்யம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

வீட்டுக்காரரோடு பேசினேன். பேசியதை அப்படியே எழுதிவைக்கிறேன், நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் ஆதாரம் இருக்கட்டும்.

"கோத்தகிரி வீடு விசயமாங்க. நீங்க ஓனருங்களா, புரோக்கருங்களா?"

"ஓனர்தான் மேடம்."

"தேவசகாயம் வீடுதானுங்களே அது? நீங்கதான் தேவசகாயமா?"

"ஆ... ஆமா மேடம். தேவசகாயம்தான் பேசறேன். என் பேரு எப்படி மேடம் தெரியும்?"

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியுமுங்க" என்றேன். மனிதர் அசந்துபோய்விட்டார்.

விடாமல் அடுத்ததைக் கேட்டேன். நூறு யூனிட்டுக்குள் ஓடினால்தான் பில் பூஜ்யம் வரும். சீசன் முழுக்க ஆள் தங்குகிற வீட்டில், அதுவும் அந்தக் குளிரில், வெந்நீருக்கே நூறு யூனிட் போய்விடுமே? "விறகு பாய்லர் மேடம். கரண்டு செலவே இல்ல" என்றார். ஒத்துக்கொள்ளும்படிதான் இருந்தது. வீடியோவில் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொன்னேன். மலையில் சிக்னல் இல்லையாம். அதுவும் உண்மைதான். அங்கே வேலை பார்த்த எங்கள் ஆட்கள் சிக்னலுக்காக மரம் ஏறியதாகவே சொல்வார்கள்.

இன்னும் மூன்று பேர் அதே தேதிக்குக் கேட்கிறார்களாம். அட்வான்ஸ் பத்தாயிரம் அனுப்பினேன். ரெக்கார்டில் இருக்கிற பெயரும் போனில் பேசுகிற ஆளும் ஒத்துப்போன பிறகு இன்னும் என்ன வேண்டும்?

ஏப்ரல் 17, வியாழன்

யாருக்கு எந்த அறை என்று காகிதத்தில் வரைந்து பார்த்தேன். கோகிலா குடும்பத்துக்கும் ரேணு குடும்பத்துக்கும் எதிரெதிர் அறை. குழந்தை தவழ்ந்து போனால் எதிரறைக்குத்தான் போகவேண்டும். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருக்கிறது.

மாங்காய் ஊறுகாய் போட்டேன். மிளகாய்த்தூள் தூக்கல்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ரேணு போன் செய்தாள். என்னென்ன துணி எடுத்து வரவேண்டும், குழந்தைக்குக் குளிர் தாங்குமா என்று கேட்டுவிட்டு, சட்டென்று, "அக்கா அன்னைக்கு ஏம்மா எனக்கு ஒரு போன் பண்ணல? பக்கத்துலயேதானே இருந்தா?" என்றாள்.

"உங்கப்பாதான் கண்ணு சொல்ல வேண்டாம்னு சொல்லிப்போட்டாரு. வயித்துல புள்ளையோட நீ அலையக்கூடாதுன்னு."

அப்போது அவளுக்கு மூன்றாம் மாதம். அதற்கு முன் இரண்டு தங்கவில்லை. டாக்டர் படியே ஏறக்கூடாது என்று சொல்லியிருந்தார். திங்கட்கிழமை இவருக்கு நெஞ்சு வலி வந்தபோது வாயு என்றுதான் நானும் நினைத்தேன். செவ்வாய் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன், புதன் கோகிலா வந்தாள், வியாழன் விடிகாலை போய்விட்டார். அந்த மூன்று நாளில் யாருக்கு என்ன சொன்னேன் என்று எனக்குச் சரியாக நினைவில்லை.

எப்போது கேட்டாலும், அப்பா பெயரைச் சொன்னால் ரேணு அதற்குமேல் கேட்கமாட்டாள். அவரும் அப்படிச் சொல்லக்கூடிய மனுஷர்தான்.

ஏப்ரல் 24, வியாழன்

ஐந்து நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. தேவசகாயமும் போனை எடுக்கவில்லை. இரண்டும் நாளைக்கு வரும்.

ஏப்ரல் 28, திங்கள்

எங்கள் வீதிக்கு ரீடிங் எடுக்கப் பூங்கொடி வந்தாள். நான் வேலை கற்றுக்கொடுத்த பெண். மோர் கொடுத்தேன். மீட்டரைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏனுங் மேடம், சர்வீஸ் இன்னும் சார் பேருலயேதான் இருக்குது. ஊருக்கெல்லாம் பேர் மாத்தச் சொல்லித் திட்டுவீங்க, உங்க வீட்டுலயே மாத்தலியா?"

"மாத்தலாம் மாத்தலாம். என்ன அவசரம்?"

"நீங்கதான மேடம் எனக்கு மொத நாளே சொன்னீங்க? அட்டையில இருக்கறது ஆளில்ல, வெறும் பேரு. பாதிப் பேரு மேல போயிருப்பாங்கன்னு."

அவள் போன பிறகும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என்னுடைய பகுதியில் ஆயிரத்து இருநூறு இணைப்பு. அதில் குறைந்தது முந்நூறு செத்தவர்கள் பெயரில் இருந்தது. வாடகைக்காரர் கட்டுவார், மகன் கட்டுவார், பெயர் மட்டும் தாத்தா பெயராகவே கிடக்கும். இது தெரிந்த நான் எதை நம்பிப் பணம் அனுப்பினேன்?

தேவசகாயத்தின் போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. நாலு தடவை போட்டுப் பார்த்தேன். புதன்கிழமை நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். பிள்ளைகளிடம் மூச்சுவிடவில்லை.

ஏப்ரல் 30, புதன்

ஐந்தரை பஸ். சத்தி, மேட்டுப்பாளையம், அங்கிருந்து மலை. கொண்டை ஊசி வளைவுகளில் புளி மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு, கண்ணை மூடாமல் எல்லாவற்றையும் பார்த்தேன். பயம் ஒரு பக்கம் இருந்தாலும், அந்த வீடு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்கிற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. எனக்கு என் குணம் தெரியும்.

வீடு இருக்கிறது. படத்தில் பார்த்தபடியே இருக்கிறது. நீலக் கேட், சுற்றிலும் தேயிலை, எல்லாம் அச்சு அசல். கேட் பூட்டியிருந்தது. பக்கவாட்டில் வேலி தாழ்ந்த இடத்தில் ஏறிக் கொல்லைப்புறம் போய் மீட்டரைப் பார்த்தேன். அதே நம்பர்தான்.

"யாரது? யாரு உள்ள?"

தேயிலைக்குள்ளிருந்து ஒரு பெண்மணி இலைக்கூடையோடு எழுந்து வந்தார். என் வயது இருக்கும். வெள்ளை முண்டு சுற்றியிருந்தார். என் வாய் பழக்கத்தில், "கரண்டு ஆபீசுங்க, ரீடிங் எடுக்க வந்தேன்" என்றுவிட்டது.

"நேத்துத்தானே வந்து எடுத்துட்டுப் போனாங்க? நீ அவன் ஆளா?"

கையில் இலை வெட்டுகிற கத்திரி வேறு. வேலியேறிக் குதித்து, பொய்யும் சொல்லி, கையும் களவுமாகப் பிடிபட்டு நின்றேன். உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. அட்வான்ஸ் அனுப்பியதுவரை சொன்னதும் அவர் கத்திரியைக் கூடைக்குள் போட்டார்.

"அப்ப நீங்க ஆறாவது ஆளு" என்றார். "வாங்க, முதல்ல டீ குடிங்க."

அவர் பெயர் மாதி. அடுத்த வீடு. படுகர் குடும்பம். இந்த நீலக் கேட் வீட்டின் சாவி அவரிடம்தான் இருக்கிறது. வாரம் ஒருநாள் திறந்து பெருக்கி, விளக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பூட்டுவார். யூனிட் ஓடாததன் காரணம் இதுதான். பாய்லராம் பாய்லர்! வீட்டுக்காரரின் மகன் வெளிநாட்டில். இரண்டு வருடம் முன்பு வீட்டை விற்கலாம் என்று படம் எடுத்து எங்கேயோ போட்டிருக்கிறார். அந்தப் படங்களைத்தான் எவனோ எடுத்துக்கொண்டான்.

"வருசப்பிறப்பு அன்னைக்கு சேலத்திலேர்ந்து ஒரு குடும்பம், ரெண்டு குழந்தைங்க. பாத்திரம், அரிசி எல்லாம் கொண்டாந்து கேட்டுல நின்னாங்க. அந்தப் புள்ளைங்க அழுததைப் பார்க்க முடியல. வினோத்னு ஒருத்தன் வீடாம். அப்புறம் வந்தவங்க பிரகாஷ்னாங்க. உங்ககிட்ட என்ன பேரு சொன்னான்?"

"தேவசகாயம்னு."

மாதி அம்மா டீ டம்ளரைக் கீழே வைத்தார். "தேவசகாயம் ஐயாவா? அவரு செத்து ஒம்பது வருசம் ஆச்சு. இங்க இருக்கிற எங்களுக்கு மட்டும்தான் தெரியும் அந்த பேரு. உங்ககிட்ட மட்டும் அந்த பேரு சொல்லியிருக்கானே, அவனுக்கு அது எப்படித் தெரிஞ்சுது?"

எனக்கும் தெரியவில்லை. போன பணத்தைவிட இந்தக் கேள்விதான் பஸ்ஸில் என்னை அரித்தது.

மாதி அம்மா வீட்டு மாடியில் இரண்டு அறை. சீசனில் தெரிந்தவர்களுக்கு மட்டும் விடுவாராம். மீட்டரைப் பார்க்கலாமா என்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே காட்டினார். ஒழுங்காக ஓடுகிற மீட்டர், ஆள் வாழ்கிற வீடு. அவர் நம்பரை வாங்கிக்கொண்டேன்.

ஆனால் பிள்ளைகளிடம் என்ன சொல்வது? நான் ஏமாந்தேன் என்று தெரிந்தால் கோகிலா வரமாட்டாள். இறங்கும் வழியில் யோசித்து வைத்தேன். கோகிலாவிடம், ரேணு பையனுக்கு லேசாகக் காய்ச்சல், வீட்டுச் சாப்பாடு கிடைக்கிற இடமாக மாற்றச் சொல்கிறாள் என்று சொல்லிவிடலாம். ரேணுவிடம், அக்காவுக்கு அந்தப் பெரிய வீடு பிடிக்கவில்லையாம் என்று சொல்லிவிடலாம். இருவரும் பேசிக்கொள்ளாத வரைக்கும் இது நிற்கும்.

மே 1, வியாழன்

காலையில் சைபர் கிரைம் எண்ணுக்குப் புகார் சொன்னேன். பணம் போன அன்றே அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்களாம். தேதி, நேரம், அவன் பேசிய பேச்சு எல்லாம் கேட்டார்கள். ஆதாரத்துக்கென்று எழுதி வைத்தோமே என்று இந்த நோட்டைத் திருப்பினேன்.

ஏப்ரல் 15. "தேவசகாயம் வீடுதானுங்களே அது? நீங்கதான் தேவசகாயமா?"

நானேதான் பெயரை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அவன் ‘ஆமா’ மட்டும்தான் சொன்னான்.

முப்பத்தொரு வருடம் வாசல் வாசலாக நின்று கேட்ட கேள்வி அது. அட்டையில் இருக்கிற பெயரைப் படித்து, ‘இன்னார் வீடுதானே?’ என்று கேட்பேன். உள்ளேயிருந்து யார் வந்தாலும் ‘ஆமாங்க’ என்பார்கள். அவர்களுக்கு அடுப்பில் வேலை, எனக்கு அடுத்த வீடு. அந்தப் பழக்கத்தில் ஒரு திருடனுக்கு நானே பெயர்சூட்டி, அந்தப் பெயரை நானே நம்பி, பணமும் அனுப்பியிருக்கிறேன். தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். இதைவிடப் பெரிய முட்டாள் கோபியில் கிடையாது.

சிரித்துக்கொண்டே மற்ற பக்கங்களையும் படித்தேன். படித்திருக்கக்கூடாது.

13ஆம் தேதி ஒருத்தியிடம் ஒன்று, மற்றவளிடம் வேறொன்று. நேற்று யோசித்து வைத்ததும் அதே. நடுவில் 20ஆம் தேதி: ‘யாருக்கு என்ன சொன்னேன் என்று எனக்குச் சரியாக நினைவில்லை.’ யாருக்காக இதை எழுதினேன்? இந்த நோட்டை என்னைத் தவிர யார் படிக்கப்போகிறார்கள்? நினைவிருக்கிறது. ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருக்கிறது.

எவனோ ஒருவன் செத்தவர் பெயரை ஒரு தடவை சொன்னான், அதுவும் நான் எடுத்துக் கொடுத்து. நான் இவர் பெயரை ஒன்றரை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. சோறு இறங்கவில்லை.

மே 2, வெள்ளி

‘நம்ம வீடு’ என்று நாங்கள் நாலு பேரும் இருந்த வாட்ஸாப் குழு ஒன்று இருக்கிறது. அவரை எடுத்த அன்று எத்தனை மணிக்கு எடுக்கிறோம் என்று கோகிலா போட்ட செய்திதான் அதில் கடைசி. காலை பதினொரு மணிக்கு அதில் என் குரலைப் பதிந்து அனுப்பினேன். இருவருக்கும் ஒரே நேரத்தில், ஒரே பேச்சு.

முதலில் வீட்டு விஷயம். ஏமாந்த கதையை முழுதாகச் சொன்னேன். மாதி அம்மா வீட்டைப் பற்றியும் சொன்னேன். பிறகு சொன்னது இது:

"ரேணு, அப்பா உனக்குச் சொல்ல வேண்டாம்னு சொல்லவேயில்ல. நாந்தான் சொல்லல. உனக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா என்ன பண்றதுன்னு பயந்துட்டேன். கோகிலா, ரேணுவுக்குச் சொல்லியாச்சு, அவ வர்றேன்னு சொல்லீட்டான்னு உங்கிட்டச் சொன்னதும் நாந்தான். அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. அன்னைக்கு அவ சொன்னது நெசம். நீ அவளைக் கேட்டப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். வாயத் தொறக்கல. நீங்க ரெண்டு பேரும் பேசாம இருக்கறதுக்கு நாந்தான் காரணம். அப்புறம், உன்னையப் பாக்கோணும்னு அவ சொன்னதா, பையனப் பாக்கோணும்னு நீ சொன்னதா, அதுவும் நான் கட்டுனதுதான்."

மூன்று நிமிடம் நாற்பது நொடி. அனுப்பிய கையோடு அழித்துவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் இருவரும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று நீல டிக் காட்டியது.

இதில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதை நான் சொல்லவில்லை. எழுதவும் மாட்டேன்.

மே 3, சனி

யாரும் கூப்பிடவில்லை. ரசம் வைத்தேன், உப்புப் போட மறந்துவிட்டேன்.

மே 4, ஞாயிறு

சாயங்காலம் ரேணு மட்டும் கூப்பிட்டாள். "எனக்கு எது தாங்கும் எது தாங்காதுன்னு நீ யாரும்மா முடிவு பண்றதுக்கு?" என்று ஆரம்பித்து இருபது நிமிடம் பேசினாள். முழுக்கக் கேட்டேன். அவள் பேச வேண்டியதைப் பேசினாள். வைத்துவிட்டுப் பார்த்தால், நடுவில் கோகிலாவும் கூப்பிட்டிருக்கிறாள். திரும்ப அழைத்தேன். லைன் பிஸி. ரேணுவுக்குப் போட்டேன். அதுவும் பிஸி. ஒன்றே கால் மணி நேரம் இரண்டு லைனும் பிஸியாகவே இருந்தது.

பத்து நிமிடத்துக்கு ஒருதரம் போட்டுப் போட்டுப் பார்த்தேன். அழுதுகொண்டேதான் பார்த்தேன், ஆனால் அதைப்போல் ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

மே 6, செவ்வாய்

குழுவில் கோகிலா ஒரு வரி போட்டிருந்தாள். ‘மாதி அம்மா நம்பர் அனுப்பு.’ அனுப்பினேன். நன்றி கூட இல்லை.

மே 9, வெள்ளி

போயிருக்கிறார்கள். இரண்டு வண்டி, இரண்டுக்கும் இ-பாஸ் வாங்கி, மேட்டுப்பாளையத்தில் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு மலையேறியிருக்கிறார்கள். மாதி அம்மாதான் போனில் சொன்னார். "உங்களுக்கு உடம்பு சரியில்லையாமே?" என்று விசாரித்தார். இல்லை, என்னைக் கூப்பிடவில்லை என்று சொன்னேன்.

"பெரிய பொண்ணு வந்ததுலேர்ந்து குழந்தைய யார்கிட்டயும் தர மாட்டேங்குது" என்றார் கடைசியில்.

எடுத்து வைத்திருந்த ஸ்வெட்டரை மறுபடி பீரோவில் வைத்தேன். நான் கேட்டது கிடைத்துவிட்டது. நானும் அங்கே இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டதும் உண்மை. வலிக்கிறது.

மே 11, ஞாயிறு

காலை ஏழரைக்குப் போன் அடித்தது. கோகிலாவின் எண். எடுத்தால் ரேணுவின் குரல்.

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். அக்காவும் இருக்கா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், நெசத்தைச் சொல்லு. அப்பா என்னைக் கேட்டாரா?"

பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. மயக்கத்திலேயே இருந்தார் என்று சொல்லிவிடலாம். அந்த அறையில் அப்போது நானும் அவரும் மட்டும்தான். யாரும் சரிபார்க்க முடியாது.

"கேட்டாரு" என்றேன்.

"எப்ப?"

"புதன்கெழமை சாயங்காலம். கோகிலா மருந்து வாங்கக் கீழ போயிருந்தா. ரேணுவுக்குச் சொல்லியாச்சான்னாரு. சொல்லியாச்சு, கெளம்பீட்டான்னேன்."

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"கோகிலா வராந்தாவுல படுத்துட்டா. அதுக்கப்பறம் ரெண்டு தடவ முழிச்சாரு. எங்க வந்துட்டு இருக்கான்னு கேட்டாரு. ஓசூர் தாண்டிட்டான்னேன். அப்பறம் தருமபுரி தாண்டிட்டான்னேன். சேலம் வந்துட்டான்னு நான் சொல்றப்ப அவருக்குக் கேக்கல கண்ணு."

குழந்தை தட்டுவதும் நின்றுவிட்டது, யாரோ தூக்கிக்கொண்டிருக்க வேண்டும். போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நொடி ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி காதில் வைத்தேன். யாரும் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.